ஷெஃபாலி ஏன் காப்பி குடிப்பதில்லை

1

ஊர்க்காரர்களுக்கு எழுதும்போது, எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குவதுதான் முறை. நான் கேட்கப்போவதில்லை. கல்கத்தாவில் இத்தனை காலம் இருந்ததில் அந்தப் பழக்கம் போய்விட்டது. இங்கே ஒருவரைப் பார்த்து நலம் விசாரித்தால், நல்லா இருக்கேன் என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கமாட்டார்கள். நேற்று என்ன சாப்பிட்டார்கள், அது வயிற்றில் எங்கே போய் நின்றது, காலையில் போனதா இல்லையா என்பதுவரை ஒன்று விடாமல் சொல்வார்கள். வங்காளிக்குத் தலைவலியும் கேஸ், கால்வலியும் கேஸ், மாமியார் ஊரிலிருந்து வந்தாலும் கேஸ். முதல் வருஷம் எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது லேக் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே என் வாயுத்தொல்லையை மூன்று பாஷையில் நானே விவரிக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு திருநெல்வேலியிலிருந்து என்னைக் கூட்டிவந்தார். இப்போது ரிட்டையராகிவிட்டார். ஏன் ஊருக்குத் திரும்பவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மகள் செண்பகவல்லி இங்கேதான் பிறந்து வளர்ந்து வேலை பார்க்கிறாள். அக்கம்பக்கத்து வங்காளிகள் அந்த அழகான பெயரைக் கடித்துத் துப்பி 'ஷம்பா' ஆக்கிவிட்டார்கள். செண்பகம் என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அவளை விட்டுவிட்டு நாங்கள் எங்கே போக?

பாஷை, பேர், சாம்பாரில் போடும் காய் எல்லாம் மாறிப்போன எங்கள் வீட்டில் மாறாத ஒரே ஆசாரம் காப்பி. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர், கட்டடத்துக்கு நன்கொடை கேட்டு வந்து எங்களோடு சண்டை போடுகிறவர், யாராக இருந்தாலும் டம்ளர் டபராவில் டிகாஷன் காப்பி உண்டு. வங்காளிகள் தேநீர் ஜாதி. இருந்தாலும் மரியாதைக்கு முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிடுவார்கள்.

குடிக்காத ஒரே ஆள் எங்கள் வீட்டில் வேலை செய்யும் ஷெஃபாலி. கேனிங் லோக்கல் ரயிலில் பாலிகஞ்ச் வந்திறங்கி, எங்கள் கட்டடத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் திரும்பிப் போகிறவள். முதல் நாளே ஆவி பறக்க நீட்டினேன். "காபோ நா, பௌதி" என்றாள். பௌதி என்றால் அண்ணி. வீட்டு எஜமானியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "காபோ நா" என்றால் சாப்பிடமாட்டேன். வங்காளத்தில் தண்ணீர், காப்பி, சிகரெட் எல்லாவற்றையும் 'சாப்பிடு'வார்கள். இவள் எதையுமே சாப்பிடமாட்டேன் என்றாள்.

டீ போட்டுக் கொடுத்தேன். வேண்டாம். மோர் கொடுத்தேன். வேண்டாம். பிஸ்கட் கொடுத்தால் மட்டும் வாங்கிச் சேலைத்தலைப்பில் முடிந்துகொள்வாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் வீட்டு டம்ளரில் வாய் வைக்க இவளுக்கு என்ன கேடு? ஒருவேளை மதராஸிக்காரி கைப்பட்டது ஆகாதோ? நாலாம் மாடி பௌதி எதையாவது சொல்லிக் கொடுத்திருப்பாளோ? வருஷக்கணக்கில் இதையே மனசில் போட்டு அரைத்துக்கொண்டு, காப்பிநேரம் வரும்போதெல்லாம் அவளிடம் கொஞ்சம் முறைப்பாகவே நடந்துகொண்டேன். அவளும் சளைத்தவளில்லை. முறைத்தபடியே துடைத்தாள்.

2

இந்த ஜூன் மாதத்து வெயிலை நான் சொல்லித் தெரியவேண்டாம். கல்கத்தா வெயில் சுடாது, அவிக்கும். அப்படி ஒரு முற்பகலில் ஷெஃபாலி கையில் துணியோடு பிரிட்ஜின் மேல் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

தெருமுனை மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு டாக்டர் உட்கார்வார். கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஷெஃபாலி தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னாள். எரிச்சல் உண்டா, உண்டு. முன்னால் வந்திருக்கிறதா, அடிக்கடி வரும். என்ன மருந்து எடுத்தாய், மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன், நின்றதும் விட்டுவிடுவேன். நீர்த்தாரையில் கிருமி, அது சிறுநீரகம்வரை ஏறியிருக்கும்போல, பரிசோதனை செய்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். கடைசியில் கையைக் கழுவிக்கொண்டே, "தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். அடக்கி வைக்கவே கூடாது" என்றார்.

ஷெஃபாலி சிரித்தாள். காய்ச்சலில் இப்படி ஒரு சிரிப்பா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு தண்ணீரை அவள் முன்னால் வைத்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"குடி."

"வேண்டாம் பௌதி."

"டாக்டர் சொன்னது காதுல விழலியா? குடிச்சா என்ன, செத்தா போயிருவ?"

வங்காளத்தில் வேலைக்காரர்கள் எஜமானியைக் கூப்பிட நீயும் இல்லாத நீங்களும் இல்லாத நடுவாந்தரமான ஒரு சொல் உண்டு. நம்மிடம் அது இல்லாததால் 'நீங்க' என்றே எழுதுகிறேன். அவள் சொன்னது இதுதான்:

"நான் குடிக்கிறேன் பௌதி. குடிச்சப்புறம் என்னை எங்க அனுப்புவீங்க?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. சொம்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

விடியுமுன் அவள் வீட்டிலிருந்து கிளம்புகிறாள். லோக்கல் ரயிலில் கக்கூஸ் கிடையாது. எங்கள் கட்டடத்தில் அவளுக்குக் கிடையாது. மார்க்கெட் பக்கம் காசு கொடுத்துப் போகிற இடம் ஒன்று உண்டு. போய் வருவதற்குள் அடுத்த வீட்டு பௌதி வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பாள். அதனால் எளிய வழியாக ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். உள்ளே எதையும் விடுவதில்லை.

"பூஜோ வந்தா மட்டும் கொஞ்சம் நிம்மதி பௌதி. கூட்டத்துக்காகத் தெருவுல நீலப் பெட்டி கக்கூஸ் வைப்பாங்கள்ல, அந்த அஞ்சு நாளும் தாராளமாத் தண்ணி குடிப்பேன்."

பூஜோ என்றால் துர்கா பூஜை. ஒவ்வொரு வருஷமும் பூஜை வந்தால் இவள் முகம் தெளிந்துவிடுவதைக் கவனித்து, அம்பாள் கிருபை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கிருபை முழுக்க அந்த நீலப் பெட்டியினுடையது.

எனக்கு அது உறைக்க அதிக நேரம் ஆகவில்லை. திருநெல்வேலியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று இருந்த இடத்தில் கதவும் இல்லை, தண்ணீரும் இல்லை. காலையில் வீட்டில் வாய் கொப்பளித்ததோடு சரி, சாயங்காலம் மணி அடிக்கிறவரை பானைப்பக்கம் ஒருத்தியும் போகமாட்டோம். புளியோதரையை விக்கி விக்கி விழுங்குவோம். வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக் கடாசிவிட்டுப் புறவாசலுக்கு ஓடுவேன். "இந்த மூதிக்கு வேற வேலையே இல்ல" என்று அம்மா திட்டுவாள். பள்ளிக்கூடம் முடிந்தது, எனக்கு அது விட்டுப்போனது. ஷெஃபாலிக்கு இந்த வயசிலும் மணி அடிக்கவில்லை.

"நாளையிலேருந்து நம்ம வீட்டு பாத்ரூமுக்குப் போ" என்றேன்.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம். ஒங்க வீட்டுல போறேன்னு தெரிஞ்சா நாலாம் மாடி பௌதி என்னை அடுப்படிக்குள்ள விடமாட்டாங்க. அப்புறம் மத்த வீட்டுலயும் நிறுத்திருவாங்க."

நாலாம் மாடி பௌதி கையில் ஒரு கடிகாரம் கட்டியிருக்கிறாள். அது அவ்வப்போது கிணுகிணுக்கும். தண்ணீர் குடிக்கச் சொல்லி ஞாபகப்படுத்துகிறதாம். அவளும் எது செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு பாட்டிலை எடுத்துக் குடிப்பாள். அதே தரையைத்தான் ஷெஃபாலி நாக்கு வறளத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

3

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், ஒரு கக்கூஸ் இருக்கிறது. வேலைக்காரர்களுக்கும் டிரைவர்களுக்கும் என்று கட்டும்போதே போட்டது. பூட்டித்தான் கிடக்கும். உள்ளே பூஜைச் சாமான்கள் இருக்கின்றன என்பார்கள். சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பேரைச் சொல்வார்கள். அதில் ஒருவர் காலமாகிவிட்டார்.

செக்ரட்டரி மித்ரா பாபுவிடம் போனேன். வேலைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'தாதா', அதாவது அண்ணன். நல்ல மனுஷர், உலகத்திலுள்ள அத்தனை ஏழைகளுக்காகவும் சாயங்காலம் தேநீரோடு கண்ணீர் விடக்கூடியவர். அவர் காலடியிலேயே இருக்கும் ஏழைகளைப் பற்றி நாம் பேசினால்தான் அவருக்கு வாயுத்தொல்லை வந்துவிடும்.

"திறந்துவிட்டால் யார் சுத்தம் செய்வது? வாசம் லிஃப்டுக்குள் வரும். வெளியாட்களும் நுழைவார்கள். நீங்கள் எழுதிக் கொடுங்கள், கமிட்டியில் வைக்கிறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். என் வங்காளத்தை மகள் திருத்தினாள். திருத்தும்போதே தலையில் அடித்துக்கொண்டாள்.

"தூர் பாபா! அம்மா, நீ மீட்டிங்ல போய் இதயெல்லாம் சத்தமாப் பேசப்போறியா? ஷெஃபாலி மாஷிக்கே வெக்கமா இருக்கும்." மாஷி என்றால் சித்தி.

"வெக்கப்படவேண்டியது அவளா, நாமளா?"

"நான் மாட்டேன்னா சொல்றேன்? கமிட்டி கேக்காது. அவ்ளோதான்."

கமிட்டி கேட்கத்தான் செய்தது. தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தது. லிஃப்ட் வாசலில் வேலைக்காரர்களும் நாய்களும் ஏறக்கூடாது என்று ஒரு பலகை தொங்குகிறது. மூன்றாம் மாடியில் ஒரு வெளிநாட்டு நாய் வந்தபிறகு, கமிட்டி ஒரே கூட்டத்தில் நாய்க்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. நாய் எழுதிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. இதைக் கூட்டத்திலேயே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

"ஏட்டி, ஒனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்றார் வீட்டுக்காரர், படி ஏறும்போது. "இருக்கிற காலத்த நிம்மதியா ஓட்டுவோம். சவத்த விட்டுத் தள்ளு."

"நீங்க விடுங்க. ஒங்களுக்கென்ன, நடுத்தெருவுல நின்னே போயிருவீங்க."

அவர் விறுவிறுவென்று மேலே ஏறிப் போனார். அது உண்மைதானே, எந்தச் சுவரைப் பார்த்தாலும் தெரியும்.

நீங்கள் சிரிக்கவேண்டாம், ஊர்க்காரர்களே. பாளையங்கோட்டையில் அடுக்குமாடி வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவள் எங்கே போகிறாள் என்று ஒரு நடை கேட்டுவிட்டு வந்து சிரியுங்கள்.

4

ஷெஃபாலிக்குக் காய்ச்சல் விட்டது, இடுப்புவலி விடவில்லை. பரிசோதனை செய்துகொள் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் நாலு வீட்டிலும் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று தட்டிக்கழித்தாள். எனக்கோ அவள் முகம் வெளுத்துக்கொண்டே போவதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்போதுதான் கட்டடத்துக்கு வெள்ளிவிழா வந்தது. பாட்டு, சாப்பாடு இவற்றோடு சமூகசேவையாகவும் ஏதாவது செய்யவேண்டும் என்று கமிட்டி தீர்மானித்தது. எங்கள் கட்டடத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் இலவச மருத்துவ முகாம். மித்ரா பாபு வீடு வீடாக வந்து சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். இந்தச் சாக்கிலாவது ஷெஃபாலியைச் சோதித்துவிடுவார்களே.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, 'பணியாளர் நலமே நம் நலம்' என்று வங்காளத்தில் பேனர் கட்டினார்கள். வாசலில் சிவப்பு ரிப்பன். பேட்டைப் பிரமுகர் ஒருவர் வந்து வெட்டவேண்டும். இங்கே அவரில்லாமல் கத்தரிக்கோல் திறக்காது. அவர் வரத் தாமதமாகவே முகாமை ஆரம்பித்துவிட்டார்கள். பாத்திரம் தேய்க்கிறவர்கள், சமைக்கிறவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கள், கூட்டுகிறவள் என்று பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு சின்ன வயசு டாக்டர் ஒவ்வொருவருக்கும் பிரஷர் பார்த்து, அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். தினமும் இரண்டு வகைப் பழம் சாப்பிடவும். பாதாம் நல்லது. எட்டு மணி நேரம் தூங்கவும். மன அழுத்தம் தவிர்க்கவும். தண்ணீர் மூன்று லிட்டர். தாளை வாங்கிய ஆயா ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், இதில் எதைக் கமிட்டி கொடுக்கும் என்று கேட்டாள்.

அடுத்த மேசையில் ஆய்வுக்கூடத்து ஆள். ஒவ்வொருவர் கையிலும் மூடிபோட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, "இதில் சிறுநீர் பிடித்துக்கொண்டு வாருங்கள். வண்டி கிளம்பப்போகிறது, சீக்கிரம்" என்றார்.

பெண்கள் டப்பாவை வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

நானும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மித்ரா பாபு ஒலிபெருக்கியில் உற்சாகமாக, "சங்கோஜப்படாதீர்கள், சங்கோஜப்படாதீர்கள்" என்கிறார். யாரும் நகரவில்லை. அப்போது ஷெஃபாலி வரிசையிலிருந்து வெளியே வந்தாள். டப்பாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பந்தலைக் கடந்து, நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"தாதா, எங்க?"

ஒலிபெருக்கி அவர் கையில்தானே இருந்தது. அது தெரு முழுக்கக் கேட்டது.

மாடியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னலைவிட்டு உள்ளே போனார்கள். கீழே இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்த நிசப்தத்தில் நாலாம் மாடி பௌதியின் கைக்கடிகாரம் கிணுகிணுத்தது. பாவம், பழக்க தோஷம், பாட்டிலைப் பாதி தூக்கிவிட்டாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள்.

"வீட்டிலிருந்து நாளைக்குக் கொண்டு வரட்டுமே" என்றார் மித்ரா பாபு.

"நாளைக்கு வண்டி வராது சார்" என்றார் ஆய்வுக்கூடத்து ஆள்.

"சாவி எங்கய்யா?" என்று நான் கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். எல்லோருக்கும் புரிந்தது.

சாவி யாரிடமும் இல்லை. இவர் அவரைக் கைகாட்ட, அவர் காலமானவரைக் கைகாட்டினார். நான் திரும்பிப் பார்த்தபோது என் வீட்டுக்காரரைக் காணவில்லை. நழுவிவிட்டார் மனுஷர் என்று பல்லைக் கடித்தேன். லிஃப்ட் திறந்தது. கையில் கடப்பாரையோடு வந்தார். சாவி தொலைந்த பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் முன்னால் உடைத்துக் கொடுப்பது கிடர்பூரில் அவர் பார்த்த வேலைகளில் ஒன்று. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், படிக்கடியில் போய், பூட்டுக்குள் கம்பியைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். துருப்பிடித்த பூட்டு கையோடு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அத்தனை ஆசையோடு பார்த்ததில்லை.

கதவைத் திறந்தால் உள்ளே கட்டுக்கட்டாக விளக்குச்சரம், உடைந்த கேரம்போர்டு, கிழிந்த பேனர்கள். நடுவில், பிள்ளைகள் நாடகத்துக்காக எப்போதோ செய்த தெர்மோகோல் மகிஷாசுரன், வாளை ஓங்கியபடி, கக்கூஸ் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"அசுரனுக்கு மட்டும் இடம் குடுத்திருக்கீங்க தாதா" என்றாள் ஷெஃபாலி.

முதலில் கூட்டுகிறவள் சிரித்தாள். பிறகு எல்லோருமே சிரித்துவிட்டார்கள். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அசுரனை இரண்டு பேர் தோள்பிடித்து வெளியே கொண்டுவந்து பேனருக்கடியில் நிறுத்தினார்கள். நானும் ஷம்பாவும் குழாயடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தோம். கூட்டுகிறவள் தேய்த்துவிட்டாள். சத்தமாப் பேசாதே என்ற என் மகள் சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு கழுவியதை நான் கவனிக்காததுபோல் கவனித்தேன். பெண்கள் டப்பாவோடு வரிசையாகப் படிக்கடியில் போய் நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பிரமுகர் வந்து இறங்கினார். கூடவே நாலு பேர், ஒரு போட்டோக்காரர். பந்தல் காலி. கூட்டமெல்லாம் படிக்கடியில். கழுவி ஈரம் காயாத வாசல், வரிசையாகப் பெண்கள். அவர் என்ன நினைப்பார்? நேரே அங்கே வந்தார்.

"உழைக்கும் பெண்களுக்குக் கழிப்பறை! இதையல்லவா ஒவ்வொரு கட்டடமும் செய்யவேண்டும்! மித்ரா பாபு, நீங்கள் பெரிய மனுஷர்!"

மித்ரா பாபு வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டு கைகூப்பினார். பந்தலிலிருந்து யாரோ ரிப்பனை அவிழ்த்து ஓடிவந்து கதவுக்குக் குறுக்கே பிடித்தார்கள். உள்ளே ஷெஃபாலி இருந்தாள். அவள் முடித்துவிட்டு, டப்பாவோடு கதவைத் திறந்தபோது ரிப்பன் வெட்டப்பட்டது, எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோவில் அவள்தான் நடுவில் இருக்கிறாள், திருதிருவென்று விழித்துக்கொண்டு.

5

பிரமுகர் திறந்துவைத்த எதையும் இந்த ஊரில் மூடமுடியாது. அடுத்த வாரமே அவர் பேர் போட்ட பளிங்குக்கல்லை அவருடைய ஆட்கள் கொண்டுவந்து கதவுக்குப் பக்கத்தில் பதித்துவிட்டார்கள். கமிட்டி ஒரு குழாயும் பினாயிலும் வாங்கியது. லிஃப்ட் பலகை மட்டும் அப்படியே தொங்குகிறது. அதற்கு இன்னொரு பிரமுகரைப் பிடிக்கவேண்டும்.

ஷெஃபாலியின் பரிசோதனை முடிவு நல்லதாக வரவில்லை. மேற்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். வருஷக்கணக்காகக் கிருமி வந்து வந்து போனதில் ஒரு சிறுநீரகம் சுருங்கிவிட்டதாம். போனது போனதுதான், இன்னொன்று நன்றாக இருக்கிறது, அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். டாக்டர் எழுதிய தாளில் நோயின் பெயர் இங்கிலீஷில் நீளமாக இருக்கிறது. பூட்டிய கதவு என்று எழுதியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. இது கேஸ் இல்லை.

ஷெஃபாலி ஒரு வாரம் படுத்துவிட்டு வேலைக்கு வந்தாள். வந்த அன்று தரையெல்லாம் துடைத்து முடித்துவிட்டு, அடுப்படி வாசலில் நின்றாள்.

"பௌதி, அந்தக் காப்பியக் குடுங்க பாப்போம்."

இத்தனை காலம் காத்திருந்த காப்பி அல்லவா, கள்ளிச்சொட்டாக டிகாஷன் இறக்கி, பால் புதிதாகக் காய்ச்சி, நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு வந்து நின்றார். அவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணை இறுக்கி மூடினாள். முகம் கோணியது.

"ச்சீ! ஒரே கசப்பு! இதுக்காகவா இத்தன வருஷம் எங்கிட்ட மூஞ்சியத் தூக்கிவெச்சிக்கிட்டு இருந்தீங்க?"

வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவள் டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

நம் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்போம், அப்புறம்தான் மற்றதெல்லாம். அவள் என் வீட்டுக்கு வர ஆரம்பித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

"பௌதி," என்றாள், "தண்ணி குடுங்க."

சொம்பு நிறையக் கொடுத்தேன். அண்ணாந்து, ஒரே மூச்சில், தொண்டை ஏறி இறங்கக் குடித்தாள். காலிச் சொம்பை என்னிடம் நீட்டி, "இன்னும்" என்றாள்.